குற்ற உணர்ச்சி வெறும் ஈகோதானா? விட்டுவிடலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் குற்ற உணர்ச்சியும் ஈகோவும் ஒன்றா என்பதுதான் கேள்வி. உள்ளே இருப்பது வேறு. மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் சுருக்கிச் சொல்கிறேன். நீங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்து, படித்து, கொழும்பில் கணக்கு வேலை பார்க்கிறவர். ஒருநாள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல், கையில் ஒரு சீலைப் பையோடு போர்டிங்குக்கு வந்து நின்றிருக்கிறார். யார் இவர் என்று கூட இருந்தவர்கள் கேட்டபோது, "ஊர்ப் பக்கம் தெரிந்தவர்" என்று சொல்லிவிட்டீர்கள். அது அவர் காதில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். எட்டு மாதத்தில் காலமும் ஆகிவிட்டார். இப்போது வீடியோவில் ஒரு சுவாமி, "குற்ற உணர்ச்சி ஈகோவின் விளையாட்டு, தூக்கிப் போடு" என்கிறார். தூக்கிப் போட்டால் அப்பாவை இரண்டாவது தடவையும் தெரியாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று பயப்படுகிறீர்கள். இந்தப் பாரத்தை இறக்கி வைக்க எனக்கு உரிமை உண்டா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் 31 வருடம் தமிழும் சைவநெறியும் படிப்பித்தவன். சைவ சித்தாந்தம் ஒரு பழைய வாத்தியாரிடம் பாடம் கேட்டது, பட்டம் எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "குற்ற உணர்ச்சி" என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "மனசு குத்துது சேர்" என்பார்கள். அம்மா செத்தபோது குவைத்தில் இருந்து வர முடியாமல் போன பெண்கள் இப்படிச் சொல்வார்கள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அக்கா குடும்பம் போனபோது, ஒரு பித்தளை அண்டாவுக்காகப் போட்ட சண்டையில் தலைமன்னார் வரைக்கும் போய்க் கப்பலேற்றிவிடாத தம்பி ஒருவர், எழுபது வயதைத் தாண்டியும் அந்த அண்டாவைப் பற்றித்தான் பேசினார். ஆகவே இதில் நீங்கள் தனி ஆள் இல்லை.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பேச்சில் ஈகோ என்றால் திமிர். பிராய்ட் சொன்ன ஈகோ அதுவல்ல. ஆசைக்கும் கண்டிப்புக்கும் உலக நடப்புக்கும் நடுவில் நின்று சமாளிக்கிற பகுதி அது. அவர் கணக்கில் குற்ற உணர்ச்சி வருவது, ஈகோவை மேலே நின்று அதட்டுகிற சூப்பர் ஈகோவிலிருந்து. சித்தாந்தத்தில் இந்த இடத்தில் அகங்காரம், ஆணவம் என்று இரண்டு சொல் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அகங்காரம் மனம், புத்தி, சித்தத்தோடு சேர்ந்த ஒரு கருவி, மாயையில் பிறந்தது. "இது நான், இது என் பஸ், நான்தான் ஏற வேண்டும்" என்று எழுப்பிவிடுகிற வேலை அதனுடையது. அது இல்லாவிட்டால் காலையில் எழும்பவே முடியாது. ஆணவம் அப்படியில்லை. அது மலம், அதாவது உயிரை மறைக்கிற அழுக்கு. செம்பில் களிம்பு போல உயிரோடு தொடக்கமில்லாத காலம் முதல் ஒட்டியிருப்பது என்பார்கள். அந்தச் சொல்லையே அணு என்பதோடு சேர்த்து விளக்குவது வழக்கம்: எங்கும் விரிந்து நிற்க வேண்டிய உயிரை அணுவாகச் சிறுக்க வைப்பதால் ஆணவம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆணவம் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது என்று நாம் நினைக்கிறோம். நூல்கள் சொல்வது சிறுக்க வைப்பதை. அப்படியானால் "என்னை மிஞ்ச ஆளில்லை" என்பவனும், "என்னைப் போல ஒரு பாவி உண்டா" என்று கூனிக் கிடப்பவனும் ஒரே அறையில்தான் அடைபட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அந்த அறையில் இருப்பது தங்கள் முகம் ஒன்றுதான். அந்தச் சுவாமி சொன்னதில் பாதி உண்மை என்று நான் சொல்வது இதனால்தான். மறு பாதியில் அவர் அவசரப்பட்டுவிட்டார்.

தமிழில் கழிவிரக்கம் என்று ஒரு சொல் இருக்கிறது. கழிந்து போனதற்கு இரங்குவது என்பது அதன் நேர்ப்பொருள். இப்போது பத்திரிகைகளில் தன்மேல் தானே பரிதாபப்படுவதற்கு அதைப் போடுகிறார்கள். வாத்தியார் புத்தி, முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், சொல் சும்மா வழுக்கவில்லை. நடந்ததற்கு இரங்குவதில் தொடங்கி, எப்போது என்று தெரியாமலே தனக்கு இரங்குவதில் வந்து நிற்பது மனித மனம் எப்போதும் போகிற வழிதானே. தொல்காப்பியம் "மன்" என்ற இடைச்சொல்லுக்குச் சொல்லும் மூன்று பொருளில் முதலாவது கழிவு. அதற்கு நான் வகுப்பில் காட்டுகிற உதாரணம், அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு. "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே." கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், அது போயிற்றே என்கிறாள். நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்துத் தானும் மகிழ்ந்து குடிப்பான், அதுவும் போயிற்றே. கொடுத்தான், குடித்தான், என் தலையைத் தடவினான் என்று அழுகிற வரிகளெல்லாம் அவன் செய்ததையே சொல்கின்றன. ஔவை அழுகிறாள், ஆனால் பாட்டில் நிற்பவன் அதியமான்.

பழக்கதோஷத்தில் உங்கள் கேள்வியைப் பென்சிலும் கையுமாக இன்னொரு தரம் வாசித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நான், என், எனக்கு, என்னை எல்லாம் சேர்த்து 41 இடத்தில் வருகின்றன. அப்பா என்ற சொல் 6 இடத்தில். உங்களுக்கு அன்பில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் குத்துகிற அந்த ஒன்றில் இரண்டு கலந்திருக்கின்றன என்பதற்கு இது அடையாளம். ஒன்று அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. அந்தக் கிளாசை வைத்துவிட்டு அவர் எழும்பியபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்கிறது. மற்றது கண்ணாடியைப் பார்த்து, நான் எப்படிப்பட்டவன் என்று கேட்கிறது. முதலாவதை மனசாட்சி என்பேன், அது உங்களுக்குக் கிடைத்த சொத்து. இரண்டாவதுதான் அழுகிற வேஷத்தில் வந்த ஆணவம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாக இருக்கும். அன்றைக்கு உங்களை "தெரிந்தவர்" என்று சொல்ல வைத்தது, "இவர்கள் என்னை என்ன நினைப்பார்கள்" என்ற எண்ணம். இன்றைக்கு ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருப்பதில் பாதியும் அதே எண்ணம்தான். கேட்கிற ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்: அன்று போர்டிங் நண்பர்கள், இன்று நீங்களே.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 1998இல் சாதாரண தர வகுப்பில் ஒரு பையன் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி நிறுத்தி, முழு வகுப்பும் கேட்க, "நீ கொழுந்து மடுவத்துக்குத்தான் லாயக்கு" என்றேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டில் அது. நான் சொன்ன அந்த மடுவத்தில்தான் என் அம்மா 30 வருடம் கூடையை நிறுவைக்கு வைத்தவள். இரண்டு மாதத்தில் அவன் படிப்பை விட்டுவிட்டான். 14 வருடம் அதைச் சுமந்தேன். கூட்டங்களில் பேசும்போது, பெயர் சொல்லாமல், இப்படி ஒரு பாவம் செய்தேன் என்று சொல்லிக் கண்கலங்குவேன். கேட்பவர்கள் நெகிழ்ந்து போவார்கள். அப்புறம் ஒருநாள் கெப்பட்டிபொல சந்தையில் மரக்கறி லொறியில் இருந்து ஒருவன் குதித்து இறங்கி "சேர்" என்றான். அவன்தான். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, தொண்டை அடைக்க, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் சிரித்தான். "அப்படியா சொன்னீங்க? அப்ப சேர்மார் எல்லாரும் சொல்றதுதானே."

அந்த நிமிடம் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, தம்பி. ஏமாற்றம். என் பெரிய பாவத்தை அவன் அஞ்சு சதத்துக்கு மதிக்கவில்லை. அந்த ஏமாற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்ததுதான் நான் கற்ற பாடத்திலேயே பெரியது. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு அவன் சொன்னான்: "விடுகைப் பத்திரம் எடுக்க மூணு தடவை வந்தேன் சேர். நீங்கதான் அதுக்குப் பொறுப்பு. நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொன்னீங்க. கொழும்புல ஒரு கடையில வேலை பார்த்து வச்சிருந்தாங்க. அது இல்லாமப் போச்சு." அப்படி ஒன்று நடந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்கும் இல்லை. நான் 14 வருடம் அழுதது எனக்குப் பிடித்த குற்றத்துக்கு. அவனுக்கு நான் செய்த உண்மையான கெடுதல் எனக்குத் தெரியாமலே இருட்டில் கிடந்திருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய சித்தாந்த நூலான திருவருட்பயனில் இருள்மலநிலை என்று ஓர் அதிகாரம். அதில் ஒரு குறளை வருடக்கணக்காகப் படிப்பித்தும், அந்தக் கடையில்தான் எனக்கு அர்த்தம் விளங்கியது: "ஒருபொருளுங் காட்டா திருளுருவங் காட்டும் இருபொருளுங் காட்டா திது." சாதாரண இருட்டு மற்றப் பொருள்களைக் காட்டாது, ஆனால் தான் இருட்டு என்பதைக் காட்டும். கரண்ட் போனால் போய்விட்டது என்று நமக்குத் தெரிகிறது அல்லவா. ஆணவம் மற்றதையும் காட்டாது, தன்னையும் காட்டாது. தலவாக்கலையில் இருந்து நானுஓயாவுக்கு ராத்திரியில் வேன் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூடுபனி இறங்கினால் பெரிய லைட்டைப் போடக் கூடாது என்பார்கள். வெளிச்சம் முழுக்கப் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். பாதை தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். லைட்டைத் தணித்தால் ஒரு பத்தடி தெரியும், அதை வைத்து ஓட்டலாம். என் 14 வருட அழுகை பெரிய லைட்டைப் போட்டு ஓட்டிய ஓட்டம்.

அப்பர் சுவாமிகள் சூலை நோயோடு, அந்தக் கொடிய வயிற்றுவலியோடு, திருவதிகைக்கு வந்து பாடிய முதல் பதிகத்தின் முதல் வரியில் "கொடுமைபல செய்தன நானறியேன்" என்று வருகிறது. நான் செய்த கொடுமைகள் பல, அவை எனக்குத் தெரியா. முற்பிறவியில் செய்தவை, அதனால் அறியேன் என்று பொருள் சொல்வாரும் உண்டு. இந்தப் பிறவிக்கே அது சரியாகப் பொருந்துகிறது என்பது என் வாசிப்பு, அதற்குமேல் அழுத்த மாட்டேன். ஆனால் "நான் மகாபாவி" என்று மார்தட்டுவதற்கும் "செய்தது பல, எனக்குத் தெரியவில்லை" என்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அடுத்து, "நான் கர்த்தா அல்ல, செய்கிறவன் நானில்லை, எல்லாம் அவன் செயல்" என்ற பேச்சு. சுவாமி அதையும் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கீதையில் இதற்கு ஆதாரம் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில், அகங்காரத்தால் மயங்கியவன் "நானே செய்கிறேன்" என்று எண்ணுகிறான் என்று வருகிறது. சித்தாந்தத்திலும் உண்டு. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் "ஏகன் ஆகி இறைபணி நிற்க" என்று சொன்ன பிறகுதான் மலமும் மாயையும் வல்வினையும் இல்லாமல் போவதைச் சொல்கிறது. பன்னிரண்டு சூத்திரத்தில் பத்தாவது, முதலாவது அல்ல. அதிலும் "இறைபணி நிற்க" என்ற நிபந்தனையோடு. பணியில் நின்று நின்று "நான்" தேய்ந்தவர் சொல்ல வேண்டியதை, தப்புச் செய்த மறுநாளே நாம் சொன்னால் அதற்குப் பெயர் ஞானமில்லை. குடித்துவிட்டுப் பெண்சாதியை அடித்தவன் "எல்லாம் விதி" என்று என்னிடம் வந்து சொன்னதுண்டு. விதியா, சரி, உன் கையை யார் தூக்கினது என்று கேட்டேன். இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அப்படியானால் வருந்திக்கொண்டே இருக்க வேண்டுமா? இதில் வள்ளுவருக்கே உரைகாரர்கள் இரண்டு பாதை போட்டிருக்கிறார்கள். "எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று", 655ஆம் குறள். பின்னால் வருந்தும்படியான காரியத்தைச் செய்யாதே என்பதில் எல்லோரும் ஒன்று. தவறிச் செய்துவிட்டால்? மறுபடியும் அந்த மாதிரிச் செய்யாதிருப்பது நன்று என்கிறது மணக்குடவர் வழி. பரிமேலழகரோ, பிறகு உட்கார்ந்து அந்த இரங்கலைச் செய்யாதிருப்பது நன்று என்கிறார். சொல்லமைப்பைப் பார்த்தால் முதலாவது நேராக விழுவதாக எனக்குப் படுகிறது. வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதே தப்பை மறுபடி செய்யாமல் இருப்பவனுக்குத்தான் வருத்தத்தை இறக்கி வைக்கும் உரிமை. பக்கத்துச் சிங்கள ஊர்க்காரர்களின் பௌத்தத்திலும் இந்தப் பிரிப்பு இருக்கிறது. தீயது செய்ய வெட்கப்படும் ஹிரியும் அஞ்சும் ஒத்தப்பவும் அவர்களுக்கு நல்ல குணங்கள். செய்ததையே நினைத்து அரித்துக்கொண்டிருக்கும் குக்குச்ச, தியானத்தைக் கெடுக்கும் ஐந்து தடைகளில் ஒன்றில் சேர்கிறது.

இனி, செய்ய வேண்டியது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் பொய் சொன்னது அப்பாவிடம் அல்ல, நண்பர்களிடம். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "அன்றைக்கு வந்தவர் என் அப்பா. தோட்டத்தில் வேலை செய்தவர்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அழ வேண்டாம், விளக்க வேண்டாம், நான் எவ்வளவு வேதனைப்பட்டேன் தெரியுமா என்று தொடங்கவே வேண்டாம். தொடங்கினால் அவர்கள் உங்களைத் தேற்ற ஆரம்பிப்பார்கள், நான் கூட்டங்களில் வாங்கிய அதே கைதட்டல் உங்களுக்கும் கிடைக்கும். இரண்டு வரி சொல்லிவிட்டு அந்த மௌனத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

சடங்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கருமாதிக்கு வந்தும் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை என்றீர்கள். ஆடி அமாவாசை அப்பாவுக்கு, சித்திரா பௌர்ணமி அம்மாவுக்கு என்று நம் ஆட்கள் விரதம் வைத்திருப்பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. துக்கத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். வருடத்தில் அந்த நாள் முழுக்க அவருடையது, மற்ற நாள்களில் உங்கள் வேலையைப் பார்க்கலாம். அந்த எள்ளும் தண்ணீரும் அவரை எப்படிச் சேர்கின்றன என்பது நம்பிக்கையின் பாற்பட்டது, அதில் நான் வாதாட மாட்டேன். உங்களை அது என்ன செய்யும் என்பதை மட்டும் திண்ணையில் இருந்து பார்த்திருக்கிறேன், நல்லதுதான் செய்கிறது. "என் கடன் பணிசெய்து கிடப்பதே" என்று அப்பர் பாடியதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு ஆசிரமம் போக வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்தவர் நீங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனால், வேலைக்காலத்தில் பிடித்து வைத்த சேமலாபப் பணத்துக்குப் பத்திரம் நிரப்பத் தெரியாமல் அலைகிற வயசாளிகள் நாலு பேர் லயத்து இஸ்தோப்பில், முன் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். "நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பைபிளில் மறுதலித்த பேதுருவும் வருந்தினார், காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தி முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தார். ஒருவர் அழுதுவிட்டு எழும்பினார், மற்றவர் தன்னையே முடித்துக்கொண்டார். வருத்தம் எந்தப் பக்கம் திரும்பும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாரால் சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படி இருந்தால் ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரைப் பாருங்கள். இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் காத்திருக்காமல் 1926க்கு போன் பண்ணுங்கள், அது இலங்கையில் மனநல உதவிக்கான தேசிய இலக்கம். மருந்து எடுப்பதால் பக்தி குறைந்துவிடாது. அப்பரே சூலையைச் சும்மா பொறுத்துக்கொண்டிருக்கவில்லை, தமக்கையாரிடம் ஆள் அனுப்பினார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பா ஒரு சீலைப் பையோடு வந்தார் என்று எழுதினீர்கள். லயத்தில் இருந்து விடிய முன் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார். அந்தப் பையில் என்ன இருந்தது என்று எழுதவில்லையே?